'ஏற்றுக்கொள்' என்கிற மருந்து: யார் கணக்கில் பற்று, யார் கணக்கில் வரவு?

உள்ளங்கையில் ஒரு உலர்ந்த திராட்சை. ஒன்றே ஒன்று. அதை உற்றுப் பார்க்க வேண்டும். சுருக்கங்களைக் கவனிக்க வேண்டும். மோந்து பார்க்க வேண்டும். காதுக்குப் பக்கத்தில் வைத்து உருட்டி, சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும். அப்புறம் நாக்கில் வைத்துக் கடிக்காமல் காத்திருக்க வேண்டும். நாங்கள் முப்பது பேர், வங்கி எழுத்தர்களும் அதிகாரிகளும், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் ஓட்டல் மாடியில் இப்படித் திராட்சைக்கு முன்னால் தவம் கிடந்தோம். பயிற்சியின் பெயர் 'மைண்ட்ஃபுல்னெஸ்'. ஊழியர்களின் மன அழுத்தத்தைப் போக்க நிர்வாகம் செய்த ஏற்பாடு. அந்த அழுத்தம் எதனால் வந்தது என்பது பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. ஏழு பேர் இருந்த எங்கள் கிளையில் இப்போது நாலு பேர். திங்கட்கிழமை காலையில் கவுண்ட்டருக்கு முன்னால் அதே வரிசை, அதே கூச்சல்.

கிளையைக் கூட்டிப் பெருக்குகிற அக்காவைப் பயிற்சிக்குக் கூப்பிடவில்லை. அவர் ஒப்பந்தக்காரரின் ஆள். மாதம் 4,500 ரூபாய். மற்றவர்களை 'சார்' என்பார், என்னை மட்டும் 'தம்பி' என்பார். ஏன் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மிச்சமான திராட்சைப் பொட்டலத்தை அவரிடம் கொடுத்தேன். "எந்தக் கோயில் பிரசாதம் தம்பி?" என்றார். கோயில் இல்லக்கா, மனசுக்கு வைத்தியம் என்றேன். "அப்படியா, எவ்ளோ செலவாச்சி? யாருக்குச் சரியாச்சி?" என்று கேட்டார்.

லண்டனிலும் மற்ற நகரங்களிலும் சுகாதாரப் பொருளாதாரப் பேராசிரியர்கள் இருபது வருடத்துக்கும் மேலாக ஆராய்ந்துகொண்டிருக்கிற கேள்வியை அக்கா துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டுக் கேட்டுவிட்டார். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இப்போது உலகம் பூராவும் சிபாரிசு செய்யப்படுகிற 'விழிப்பு' சிகிச்சைகளும் 'ஏற்பு' சிகிச்சைகளும் போட்ட காசுக்குப் பலன் தருகின்றனவா? நான் கவிதை எழுதுகிறவன்தான். ஆனால் வயிற்றுப்பாட்டுக்குப் பேரேடு பார்க்கிறவன். ஒரு கணக்கில் வரவு எழுதினால் இன்னொரு கணக்கில் பற்று எழுதியாக வேண்டும் என்பது என் தொழில் எனக்குக் கற்றுத்தந்த ஒரே தத்துவம். அந்தப் பார்வையில் இந்தக் கணக்கையும் ஒருதடவை புரட்டிப் பார்த்துவிடலாம்.

*

முதலில் இது என்ன வைத்தியம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1979இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், ஜான் கபாட்-சின் என்பவர் தீராத வலியோடும் நோயோடும் அலைந்தவர்களுக்காக எட்டு வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். மூச்சைக் கவனி, உடம்பைப் பகுதி பகுதியாகக் கவனி, வருகிற நினைப்பை விரட்டாதே, பின்னாலும் ஓடாதே. பௌத்த தியானத்திலிருந்து எடுத்து, மதத்தை உரித்துவிட்டு, மருத்துவமனைக்குள் கொண்டுவந்த சரக்கு இது. எங்கள் ஓட்டல் மாடித் திராட்சையும் அங்கிருந்து வந்ததுதான். பிறகு சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்கிற மூன்று ஆராய்ச்சியாளர்கள், மனச்சோர்வு திரும்பத் திரும்ப வந்து தாக்குகிறவர்களுக்காக இதை மாற்றியமைத்தார்கள். இன்னொரு பக்கம் ஸ்டீவன் ஹேய்ஸ் என்கிற அமெரிக்க உளவியலாளர் 'ஏற்பு, உறுதிப்பாட்டுச் சிகிச்சை' என்ற ஒன்றை உருவாக்கினார். சுருக்கமாக 'ஆக்ட்' என்கிறார்கள்.

'ஏற்பு' என்ற வார்த்தையைக் கேட்டதுமே நமக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வரத்தானே செய்யும்! ஈராயிரம் வருடமாக நமக்குச் சொல்லப்பட்ட ஒரே உபதேசம் அதுதானே. விதியை ஏத்துக்கோ, கர்மாவை ஏத்துக்கோ, கொட்டாங்குச்சியை ஏத்துக்கோ. இப்போது அதே சரக்கைக் கோட்டு சூட்டு போட்டவன் குளிர்சாதன அறையில் வைத்து விற்கிறான் என்று சொல்லிவிட்டு இந்தக் கட்டுரையை இத்தோடு முடித்துவிடலாம். கைதட்டல்கூடக் கிடைக்கும்.

ஆனால் அப்படி முடிக்க என்னால் முடியவில்லை. காரணம் சொந்தக் கதை. ஆறு வருடத்துக்கு முன்னால் புதிய கிளைக்கு மாற்றலாகிப் போனேன். முதல் நாள், அந்தக் கிளையின் மேலாளர் என்னை மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்தியபோது 'கோட்டாவில் வந்தவர்' என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பு என் வயிற்றுக்குள் உட்கார்ந்துகொண்டது. மூணு மாசம் கழித்துப் பணம் எண்ணும்போது கை நடுங்க ஆரம்பித்தது. எண்ணியதையே திரும்பத் திரும்ப எண்ணினேன். கணக்குக் குறைந்தால் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். மாரடைப்பு என்று நினைத்து இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

கடைசியில் ஒரு பெண் உளவியலாளரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் கையாண்டது இந்த 'ஆக்ட்' முறைதான். அவர் ஒருநாளும் அந்த மேலாளரை ஏற்றுக்கொள் என்று சொல்லவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டால் அடித்துக்கொள்ளட்டும், அதை நிறுத்தப் போராடாதே, அதோடு கூடவே எழுந்து போய் நீ செய்ய நினைத்ததைச் செய் என்றார். நீ செய்ய நினைப்பது என்ன என்று கேட்டார். புகார் எழுத வேண்டும் என்றேன். நடுக்கத்தோடவே எழுதுங்க என்றார். எழுதினேன். புகாருக்கு என்ன ஆனது என்பது வேறு கதை. ஆனால் கை நடுக்கம் குறைந்தது. ஏற்கச் சொன்னது உள்ளே நடக்கிற பதைபதைப்பை. வெளியே நடக்கிற அநீதியை இல்லை. இந்த வித்தியாசம் புத்தகத்தில் தெளிவாகவே இருக்கிறது. பெயரின் பாதி 'உறுதிப்பாடு' என்பதையும் யாரும் மறைக்கவில்லை. மறைப்பவர்கள் பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்கள்.

எட்டு அமர்வு. ஒன்றுக்கு 1,200 ரூபாய். மொத்தம் 9,600. மனநோயை உடல்நோய்க்குச் சமமாக வைத்துக் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் சொல்கிறது. ஆனால் என் பாலிசி, படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். உட்கார்ந்து பேசிவிட்டு வந்தால் தராது. சம்பளக்காரன் என்பதால் கட்டிவிட்டேன். அக்காவுக்கு அது இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேலே. அவர் தூங்காத ராத்திரிகளுக்கு எந்த உளவியலாளரும் நேரம் ஒதுக்கவில்லை.

*

இனி கணக்குக்கு வருவோம். இங்கிலாந்தில் எந்த மருந்துக்கு, எந்தச் சிகிச்சைக்கு அரசுக் காசு கொடுக்கலாம் என்று ஆலோசனை சொல்ல 'நைஸ்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. ஒரு சிகிச்சையால் மனிதருக்கு எத்தனை 'தரமான வாழ்நாள் ஆண்டு' கூடுகிறது என்று கணக்கிடுவார்கள். முழு ஆரோக்கியத்தோடு வாழ்ந்த ஒரு வருடம் என்றால் ஒன்று. செத்துப்போனால் பூச்சியம். நோயோடு இழுத்துக்கொண்டு கிடந்தால் நடுவில் ஏதோ ஒரு பின்னம். அப்படி ஓர் ஆண்டைக் கூட்ட 20,000 முதல் 30,000 பவுண்டுக்குள் செலவானால் 'காசுக்கேற்ற பலன்' என்பது நீண்ட காலம் அங்கே கடைப்பிடித்த அளவுகோல்.

இந்தத் தராசில் விழிப்புச் சிகிச்சை நல்லபடியாகவே ஏறி உட்கார்ந்தது. காரணம் எளிமையானது. ஒரு பயிற்றுநர், ஏறக்குறைய ஒரு டஜன் பேர், எட்டு வாரம். தலைக்கு ஒரு மருத்துவர் என்பதைவிட மலிவு. மூன்று தடவையோ அதற்கு மேலோ மனச்சோர்வில் விழுந்து எழுந்தவர்கள் மறுபடி விழுவதை இது குறைக்கிறது என்று 2000இல் வெளியான ஆய்வு காட்டியது. 2004இல் நைஸ் அதைப் பரிந்துரைத்தது.

அப்புறம் பெரிய சோதனை ஒன்று வந்தது. தென்மேற்கு இங்கிலாந்தில் 424 பேர். பாதிப் பேர் வழக்கமான மாத்திரையைத் தொடர்ந்தார்கள். மறுபாதிக்கு விழிப்புப் பயிற்சி, மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ உதவி. இரண்டு வருடம் பின்தொடர்ந்தார்கள். 2015இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. பயிற்சிக் கூட்டத்தில் 44 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. மாத்திரைக் கூட்டத்தில் 47 சதவீதம். அதாவது பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. செலவுக் கணக்கிலும் மாத்திரையை அது வெல்லவில்லை. மாத்திரை வேண்டாம் என்கிறவருக்கு இது ஒரு நல்ல மாற்று வழி. அவ்வளவுதான் சொல்ல முடியும். அற்புதம் இல்லை, மோசடியும் இல்லை.

பள்ளிக்கூடத்திலும் சோதித்துப் பார்த்தார்கள். 84 பள்ளிகள், 8,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள், வகுப்பாசிரியர்களே பயிற்சி கொடுத்தார்கள். 2022இல் முடிவு வந்தது. வழக்கமான பாடத்தைவிடக் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை, செலவுக்கேற்ற பலனும் இல்லை. ஆய்வு செய்தவர்கள் அதை ஒளிக்காமல் எழுதினார்கள். அதற்காக அவர்களை மதிக்கலாம். நம்ம ஊரில் ஒரு திட்டம் தோற்றது என்று அதை நடத்தியவர்களே எழுதி யாராவது படித்திருக்கிறீர்களா?

கணக்கு நேர்மையாகத்தான் இருக்கிறது. தகராறு பேரேட்டின் தலைப்புகளில் இருக்கிறது. என்னென்ன பத்தி போடுவது என்பதை யார் முடிவு செய்தார்கள்?

'தரமான வாழ்நாள்' கணக்குக்குப் பரவலாகப் பயன்படுகிற படிவத்தில் ஐந்தே கேள்விகள். நடக்க முடிகிறதா? குளித்து உடுத்த முடிகிறதா? அன்றாட வேலை செய்ய முடிகிறதா? வலி இருக்கிறதா? பதற்றமோ சோர்வோ இருக்கிறதா? அவமானம் என்று ஒரு கேள்வி கிடையாது. 'கோட்டாவில் வந்தவர்' என்று சொன்ன நாளில் நான் நன்றாக நடந்தேன், குளித்தேன், 214 வவுச்சர் போட்டேன். வலி இல்லை. படிவத்தின்படி நான் ஏறக்குறைய ஒன்று என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தேன்!

இன்னொரு பத்தி இதைவிட மோசம். நோயால் சமூகத்துக்கு எவ்வளவு நட்டம் என்று கணக்கிடும்போது, வேலைக்குப் போகாத நாள்களையும் சேர்ப்பார்கள். அந்த நாளுக்கு விலை என்ன? வழக்கமான முறை, அந்த ஆளின் கூலியால் பெருக்குவது. அதாவது மேலாளர் ஒரு நாள் படுத்தால் சமூகத்துக்குப் பல ஆயிரம் நட்டம். அக்கா ஒரு நாள் படுத்தால் 150 ரூபாய் நட்டம். மேலாளரைக் குணப்படுத்தினால் காசுக்கேற்ற பலன், அக்காவைக் குணப்படுத்தினால் கையைக் கடிக்கும். வீட்டில் அவர் சோறாக்குவதும் மாமியாரின் பீ மூத்திரம் அள்ளுவதும் பல ஆய்வுகளில் கணக்குக்கே வராது. சாதி நம் உழைப்புக்கு அடிமாட்டு விலை வைத்தது. பொருளாதாரம் வந்து அந்த விலையையே எடுத்து நம் துயரத்துக்கும் விலையாக ஒட்டிவிட்டது. இதைத் திட்டமிட்ட சதி என்று நான் சொல்லவில்லை. அநீதி உள்ள இடத்தில் ஒரு நடுநிலைச் சூத்திரத்தைப் போட்டால் விடையாக அநீதிதான் வரும் என்கிறேன்.

2006இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் லேயார்ட் என்கிற பொருளாதார நிபுணரும் அவரது சகாக்களும் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பேச்சுச் சிகிச்சை ஒருவருக்கு 750 பவுண்டு ஆகும். வேலை செய்ய முடியாமல் உதவித்தொகையில் இருக்கிறவரால் அரசுக்கு மாதம் 750 பவுண்டு போகிறது. குணமாகி ஒரே ஒரு மாதம் கூடுதலாக வேலைக்குப் போனாலே போட்ட காசு வந்துவிடும் என்பது வாதம். அப்போது முன்வைக்கப்பட்டது பெரும்பாலும் சிந்தனை, நடத்தையைத் திருத்துகிற வேறு வகைச் சிகிச்சை. ஆனால் கணக்கு அதே கணக்கு. இந்த வாதத்தால் 2008இல் நாடு தழுவிய பெரிய திட்டம் வந்தது, லட்சக்கணக்கான எளியவர்களுக்குச் சிகிச்சை கிடைத்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் நிதியமைச்சகத்தின் கதவைத் திறக்க, 'மனிதர் அழுகிறார்' என்ற காரணம் போதவில்லை. 'வேலைக்குத் திரும்புவார்' என்று சொல்ல வேண்டியிருந்தது. வேலையே நோயாக இருக்கிறவரை எங்கே திருப்பி அனுப்புவது?

*

சரி, ஏழைகளுக்கு மலிவாகக் கிடைத்தால் நல்லதுதானே என்று தோழர்கள் கேட்கலாம். நல்லதுதான். உகாண்டாவின் ரைனோ முகாமில் தெற்கு சூடானிலிருந்து ஓடிவந்த அகதிப் பெண்கள் இருக்கிறார்கள். 694 பெண்களை வைத்து நடந்த ஒரு சோதனை 2020இல் வெளியானது. உலக சுகாதார நிறுவனம் 'ஆக்ட்' முறையை எளிமைப்படுத்தி, ஐந்து அமர்வுகளாக்கி, ஒலிப்பதிவு செய்து கொடுத்தது. இருபது முப்பது பெண்கள் உட்கார்ந்து கேட்பார்கள். நடத்துகிறவர் மருத்துவர் இல்லை, கொஞ்ச நாள் பயிற்சி பெற்ற சாதாரணப் பெண். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் வேதனை குறைந்திருந்தது. வீட்டையும் சனத்தையும் பறிகொடுத்துவிட்டு வந்த ஒரு தாய்க்கு ராத்திரி தூக்கம் வருகிறது என்றால், அதைப் பார்த்து 'இது ஏகாதிபத்தியத்தின் தாலாட்டு' என்று கிண்டல் பண்ண எனக்கு நாக்கு எழவில்லை.

கோவாவிலும் அப்படித்தான். மருத்துவப் படிப்பில்லாத உள்ளூர் ஆலோசகர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில், ஆறு முதல் எட்டு அமர்வு. இது தியானம் இல்லை. முடங்கிக் கிடக்கிறவரை மெல்ல மெல்லச் செயலுக்குத் திருப்புகிற முறை. கடுமையான மனச்சோர்வில் இருந்த 495 பேரிடம் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். பலன் இருந்தது, செலவுக்குக் கட்டுப்படியும் ஆனது. 2015-16இல் எடுக்கப்பட்ட தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் மனநோய்க்குச் சிகிச்சை கிடைக்காதவர்கள், நோயின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம். மாவட்ட மனநலத் திட்டம் 1996இலேயே வந்துவிட்டது. வந்து என்ன? இந்த நிலைமையில் மலிவான சிகிச்சை வேண்டாம் என்று சொல்ல நாம் யார்?

ஆனால் ஒரு கேள்வி. மலிவு, மலிவு என்கிறார்களே, எது மலிவு? பெரும்பாலும் யாரோ ஒரு பெண்ணின் உழைப்பு மலிவு. ஆஷா பெண்களைப் பாருங்கள். ஊழியர் என்ற பெயர்கூட இல்லை, 'தன்னார்வலர்'. சம்பளம் இல்லை, 'ஊக்கத்தொகை'. பிரசவம், தடுப்பூசி, காசநோய், கொரோனா எல்லாம் அவர்கள் தலையில். நாளைக்கு ஊருடைய துக்கத்தையும் அவர்கள் தலையில் ஏற்றி, 'செலவுக்கேற்ற பலன்' என்று அறிக்கை எழுதுவார்கள். அடுத்தவர் அழுகையைக் கேட்டுக் கேட்டு அவர் உடைந்துபோனால் அந்தச் செலவு எந்தப் பத்தியில் ஏறும்?

இரண்டாவது கேள்வி, எதோடு ஒப்பிட்டு மலிவு? மாத்திரையோடு ஒப்பிட்டார்கள், 'வழக்கமான கவனிப்போடு' ஒப்பிட்டார்கள். கூலி உயர்வோடு ஒப்பிட்டார்களா? நிலத்தோடு? கென்யாவின் கிராமங்களில் அது போல ஒன்றைச் செய்து பார்த்தார்கள். 5,756 பேர். சிலருக்கு ஐந்து வாரச் சிகிச்சை, சிலருக்கு நிபந்தனை இல்லாத ரொக்கம், சிலருக்கு இரண்டும். சிகிச்சை, உலக சுகாதார நிறுவனத்தின் இன்னொரு எளிய முறை, தியானம் சார்ந்தது இல்லை. ஒரு வருடம் கழித்து ரொக்கம் வாங்கியவர்களின் சாப்பாடும் உடைமையும் கூடியிருந்தன, மனசும் மேம்பட்டிருந்தது. சிகிச்சை மட்டும் பெற்றவர்களிடம் அளக்கக்கூடிய மாற்றம் எதுவும் இல்லை. 2020இல் வந்த முடிவு இது.

இதை வைத்துக்கொண்டு 'காசு கொடு, வைத்தியம் வேண்டாம்' என்று கோஷம் போடவும் முடியாது. லைபீரியாவின் மன்ரோவியாவில் தெருவில் கிடந்த 999 இளைஞர்களிடம் நடந்த சோதனை வேறு மாதிரிச் சொல்கிறது. எட்டு வாரச் சிகிச்சையும் 200 டாலர் ரொக்கமும் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களிடம்தான் மாற்றம் நிலைத்தது. பத்து வருடம் கழித்தும் வன்முறை குறைந்தே இருந்தது. பணம் மட்டும் பெற்றவர்களிடம் அப்படி நிலைக்கவில்லை. சோறும் வேண்டும், பேச ஆளும் வேண்டும். நம்ம ஆயாக்களுக்கு இது ஆராய்ச்சி இல்லாமலேயே தெரியும்.

*

முதலாளிகள் இந்தச் சரக்கை ஏன் இவ்வளவு ஆசையாக வாங்குகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2021இல் அமேசான் நிறுவனம் தன் கிடங்குகளுக்காக 'அமாசென்' என்று ஒரு கூண்டை விளம்பரப்படுத்தியது. தொலைபேசிக் கூண்டு அளவு. தொழிலாளி உள்ளே போய் உட்கார்ந்து தியானக் காணொளி பார்க்கலாம். உலகமே காறித் துப்பியதும் விளம்பரத்தை நீக்கினார்கள். கூண்டு செய்கிற காசுக்கு ஓர் ஆளைக் கூடுதலாக வேலைக்கு வைக்க முடியாது. அதுதான் அவர்களின் செலவுக்கேற்ற பலன்.

அந்தப் பலனாவது வருகிறதா? 2024இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் ஃப்ளெமிங் இங்கிலாந்தில் 233 நிறுவனங்களின் 46,336 தொழிலாளர்களின் தரவுகளைப் பார்த்தார். தியானம், தாங்குசக்திப் பயிற்சி, இத்யாதிகளில் கலந்துகொண்டவர்கள், கலந்துகொள்ளாதவர்களைவிட நல்ல நிலையில் இல்லை. தனியாளைத் திருத்துவதைவிட வேலையின் அமைப்பைத் திருத்துங்கள் என்று எழுதினார். எங்கள் காலி நாற்காலிகள் மூன்றும் இதைத்தான் தினமும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

பல்கலைக்கழகங்களிலும் இதே கதைதான். 2016 ஜனவரியில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவை இழந்தோம். 2019 மே மாதம் மும்பையில் ஆதிவாசி மருத்துவர் பாயல் தட்வியை இழந்தோம். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் எழுகிற கேள்வி, அந்த வளாகம் அவர்களை என்ன செய்தது என்பது. நிர்வாகங்களுக்குப் பிடித்த பதில், மாணவர்களின் மனவலிமையைக் கூட்டுவோம் என்பது. கேள்வி நிறுவனத்தைப் பற்றியது, பதில் மாணவரைப் பற்றியது. பேரேட்டில் இதைத் தவறான கணக்கில் பதிவு செய்தல் என்போம். என் வேலையில் இப்படிச் செய்தால் விளக்கம் கேட்டுத் தாள் வரும்.

இதைப் படிக்கிற மாணவத் தோழருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். வளாகத்தில் ஆலோசகர் இருந்தால், மனசு தாங்காத நேரத்தில், போங்கள். 14416 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணைக் கூப்பிடுங்கள். அது சரணாகதி ஆகாது. உயிரோடு இருந்து போராடுவதற்கான ஏற்பாடு. ஆனால் ஆலோசகரிடம் போன கையோடு புகார்க் குழுவிடமும் போங்கள். நண்பரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

*

கடைசியாக, இந்தச் சரக்கின் மூலம் எது? விழிப்பு என்பதற்குப் பாலி மொழியில் 'சதி' என்று பெயர். தமிழ்க் காதுக்கு அந்தச் சொல் வேறு எதையோ நினைவூட்டும், போகட்டும். எட்டு வழிகளில் ஒன்று அது. தமிழில் நற்கடைப்பிடி என்பார்கள். 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசப் பண்டிதரும், 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு தீக்ஷை பெற்ற பாபாசாகேப் அம்பேத்கரும் பௌத்தத்துக்குப் போனது மூச்சை எண்ணுவதற்காக இல்லை. 1957இல் வெளியான 'புத்தரும் அவரது தம்மமும்' நூலின் முன்னுரையில் அம்பேத்கர் சில கேள்விகளை எழுப்புகிறார். வாழ்வே துக்கம் என்று சொல்லி முடித்துவிட்டால் ஒடுக்கப்பட்டவனுக்கு என்ன நம்பிக்கை மிஞ்சும் என்பது ஒன்று. பிக்கு என்பவர் தன்னை மட்டும் முழுமையாக்கிக்கொள்கிறவரா, மக்களுக்குச் சேவை செய்கிறவரா என்பது இன்னொன்று. தன்னை மட்டும் செதுக்கிக்கொள்கிறவர் எவ்வளவு முழுமையானவரானாலும் சுயநலக்காரர்தான் என்பது அவர் பார்வை.

எட்டு வழியில் ஏழை வெட்டிப் போட்டுவிட்டு ஒன்றை மட்டும் பொட்டலம் கட்டி விற்கிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். நல்ல தொழிலால் வாழ்தல் என்பதும் அந்த எட்டில் ஒன்றாயிற்றே, அது எங்கே? விழித்திரு என்றால் என் மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதா? பக்கத்தில் கூட்டிப் பெருக்குகிறவரின் 4,500 ரூபாயையும் பார்ப்பதா?

எனவே நாம் கேட்க வேண்டியவை இவை. இந்தச் சிகிச்சைகள் நமக்கு வேண்டும். பணக்காரர்களின் ஆடம்பரமாக விட்டுவிட முடியாது. சேரிக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேண்டும், இலவசமாக வேண்டும். அதைச் செய்ய நம் பெண்களும் பிள்ளைகளும் பயிற்சி பெற வேண்டும், 'தன்னார்வலர்' என்ற ஏமாற்று இல்லாமல் முறையான சம்பளத்தோடு. நோயாளியிடம் கேட்கிற படிவத்தில் சாதி அவமானம் பற்றிய கேள்வி வர வேண்டும். துயரத்தின் விலையைக் கூலியால் பெருக்குகிற கணக்கைத் தூக்கி எறிய வேண்டும். யார் உண்டாக்கிய வலியோ அவர் கணக்கில் பற்று எழுத வேண்டும். ஆளைக் குறைத்து அழுத்தம் உண்டாக்கிய நிர்வாகம், வைத்தியச் செலவைத் தர்மமாகக் காட்டிக்கொள்ள அனுமதிக்கக் கூடாது.

அக்காவிடம் போன வாரம் இதையெல்லாம் எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "மூச்சக் கவனிக்கிறது நல்லதுதான் தம்பி, சாயங்காலம் கால வலிக்கிறப்ப நானும் செய்யறதுதான்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த ஒப்பந்தக்காரன் ரெண்டு மாசமா பாக்கி வச்சிருக்கானே, அதுக்கு ஒரு மனு எழுதித் தர்றியா?" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். என் கை நடுங்கவில்லை. அவர் கையெழுத்துப் போட்டபோது அவர் கை கொஞ்சம் நடுங்கியது. நடுக்கத்தோடவே போட்டார்.